ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் சீல் மாற்றிய கதை

போன மாசி மாதம் பாரீசிலிருந்து தம்பி போன் பண்ணினான். மாசி மகத்துக்கு ஊருக்கு வருகிறானாம். உடம்பு எப்படி இருக்கிறது, மழை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அண்ணே, வண்டி ஓடுதா?" என்றான். "ஜம்முனு ஓடுது" என்று சொல்லிவிட்டேன். பொய். வண்டி மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

வண்டி என்றால் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 கடைசியில் இந்தியாவில் வந்த வண்டி, 1996-இல் நின்றுபோனது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே யார் வருகிறார்கள் என்று தெரியும். 1986-இல் நெல் விற்ற காசில் அப்பா தம்பிக்கு வாங்கிக் கொடுத்தார். வேலைக்குப் போய்வர என்று கேட்டு வாங்கினான். வாங்கிய மூன்றாம் மாதம் மட்கார்டைத் தூக்கிக் கட்டி, பட்டன் டயர் மாட்டி, சவுக்குத் தோப்பு மணலில் தாவ ஆரம்பித்தான். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் ரேஸ் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தான். இவனுக்கு ரோடு ரேஸ் வேண்டாம், மண் ரேஸ்தான் வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே மண்ணில் ஓட்டுவதற்கென்று தனி வண்டி எவன் கண்டான்? ஆர்எக்ஸ், யெஸ்டி, சுசுகி என்று கையில் கிடைத்ததைப் பிரித்து மாட்டித்தான் ஓட்டினார்கள்.

1991-இல் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்துப் போய்விட்டான். காரைக்கால் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல, தெருவுக்கு நாலு வீடு அப்படித்தான். வண்டி என் தலையில் விழுந்தது. சாதா டயர் மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். ஒன்று மட்டும் கடைசிவரை புரியவில்லை. எல்லோருடைய ஆர்எக்ஸும் முன்னால் மெத்தென்று அமுங்கும். என் வண்டி மட்டும் உலக்கை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். கோட்டுச்சேரி போய்வருவதற்குள் மணிக்கட்டு வலிக்கும். பார்த்த மெக்கானிக் எல்லோரும் "தாவித் தாவி ஃபோர்க்கை வளைச்சுட்டாரு உங்க தம்பி" என்றார்கள். நானும் அவனைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

கொட்டகையிலிருந்து வெளியே இழுத்தபோது முன்பக்கம் இரண்டு காலிலும் ஆயில் வழிந்து, புழுதி ஒட்டிக் கறுத்திருந்தது. இன்ஜினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கார்ப்பரேட்டரைக் கழுவி, புது பிளக் போட்டு, பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து உதைத்தால் பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டது. ஆனால் ஃபோர்க் ஆயில் ஒழுகும் வண்டியை அறுபது தாண்டியவனிடம் கொடுக்கக் கூடாது. ஆயில் போய்விட்டால் வெறும் ஸ்பிரிங்தான். பள்ளத்தில் விழுந்த வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். வழியும் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் முன் பிரேக்கும் போச்சு.

எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் பாய் காரைக்காலில் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். கூப்பிட்டதும் வந்துவிட்டார். "நான் சொல்றேன், நீங்க செய்யுங்க. எனக்கு முட்டி மடங்காது" என்றார். எனக்கும்தான் மடங்காது. குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றினோம். ஃபோர்க்கை உருவுவதற்கு முன்னாலேயே மேல் போல்ட்டை இளக்கிவிட வேண்டும். கையில் எடுத்த பிறகு அது அசையாது. "முகத்தைத் தள்ளி வச்சுக்குங்க, உள்ளே ஸ்பிரிங் அமுங்கி இருக்கு, துள்ளும்" என்றார் பாய். கடைசி மரை விட்டதும் போல்ட் துள்ளியது. கூடவே சிமெண்டுத் தரையில் கலகலவென்று ஏதோ சிதறியது. வாஷர் என்று நினைத்தேன். பொறுக்கித் துடைத்துப் பார்த்தால் காசு. கால் ரூபாய்க் காசு. ஸ்பிரிங்கின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்திருக்கிறான். பன்னிரண்டு. அடுத்த காலைத் திறந்தோம். அதிலும் பன்னிரண்டு.

பாய்க்கு ஒரே சிரிப்பு. "மண்ணுல ஓட்டுறவங்க பண்ற வேலை சார் இது. ஸ்பிரிங் விறைப்பா நிக்கணும்னு வாஷர் போடுவாங்க. இவரு காசு போட்டிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1987-இல் அம்மா திருநள்ளாற்றுக்கு நேர்ந்துகொண்டு, சனிக்கிழமைக்கு ஒரு கால் ரூபாய் வீதம் மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் முடிச்சு இருந்தது, காசு இல்லை. இருபத்து நான்கு காசு, ஆறு ரூபாய். அப்போது எங்கள் வீட்டில் மாடு மேய்க்க ஒரு பையன் இருந்தான். பதினான்கு வயது. சாமி மாடத்துப் பக்கம் அவன் வந்ததே கிடையாது. ஆனாலும் எல்லோருடைய கண்ணும் அவன்மேல்தான் போனது. நான்தான் அவனைத் திண்ணையில் நிறுத்தி, கால்சட்டைப் பையை வெளியே இழுத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு பீடித் துண்டும் கோலிக்குண்டும் இருந்தன. பீடியைப் பார்த்ததும், பீடி குடிக்கிறவன் திருடவும் செய்வான் என்று தீர்ப்பு சொன்னேன். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வாத்தியார் வேலையில் சேர்ந்து ஆறு வருஷம். அன்று சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டோம். தம்பி அந்த நேரத்தில் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான்.

பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேலையைப் பார்த்தோம். ஃபோர்க்கின் அடியில் உள்ள ஆலன் போல்ட் சும்மா சுற்றியதே தவிர கழலவில்லை. உள்ளே இருக்கும் கம்பியும் சேர்ந்து சுற்றுகிறது. இதற்குப் பாயிடம் ஒரு வைத்தியம் உண்டு. சவுக்குக் கம்பின் முனையைச் சீவி, மேலிருந்து குழாய்க்குள் விட்டு, சுத்தியலால் ஒரு தட்டு. கம்பி பிடித்துக்கொண்டது, போல்ட் வந்துவிட்டது. வளையக் கிளிப்பை எடுத்து, துணி மடித்து வைத்து ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பழைய சீல் வெளியே வந்தது. காய்ந்த வெற்றிலை மாதிரி, ஒடித்தால் ஒடிகிறது.

ஆனால் சீல் மட்டும் மாற்றினால் நம் ஊரில் ஒரு மழைக்காலம் தாங்காது. உப்புக்காற்று. குழாயின் குரோம் பூச்சில் ஊசி குத்தினாற்போல் புள்ளிப் புள்ளியாகத் துரு. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் சீலின் உதட்டைச் சுரண்டிவிடும். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கி, ஆயில் தொட்டுத் தேய்த்தேன். "மேலும் கீழுமா இழுக்காதீங்க, சுத்தித் தேய்ங்க. நெட்டுக்குக் கோடு விழுந்தா அது வழியாவே ஆயில் ஏறி வந்துடும்" என்றார் பாய். ஆழமான நாலைந்து குழிகளில் அரால்டைட் வைத்து ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் மறுபடி தேய்த்தேன். இரண்டு நாள் இதே வேலை. கை வேலை செய்தது. மனசு திண்ணையிலேயே நின்றது.

புது சீலை எழுத்து உள்ள பக்கம் மேலே வர வைத்து, அதன்மேல் பழைய சீலைக் கவிழ்த்துச் சுற்றிலும் சீராகத் தட்டி இறக்கினோம். குழாயின் முனை சீலை அறுத்துவிடாமல் இருக்கப் பால் பாக்கெட் உறையை மாட்டி ஆயில் தடவி நுழைத்தோம். ஆயிலை மருந்து அளக்கும் பாட்டிலில் அளந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊற்றினோம். சக்கரத்தை மாட்டி, அச்சை முறுக்குவதற்கு முன்னால் முன்பக்கத்தைப் பத்து முறை அமுக்கிவிட வேண்டும்; அப்போதுதான் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று நேராக உட்காரும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. மூடியைப் போடும் முன் பாய் கேட்டார், "காசைத் திரும்பப் போட்டுடவா?" வேண்டாம் என்றேன்.

தம்பி வந்தான். முடி போய்விட்டது, நெஞ்சில் ஆபரேஷன் தழும்பு. வண்டியின் முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்து, குழாயை விரலால் தொட்டு, "காய்ஞ்சுதான் இருக்கு. ஆனா மெத்துனு இருக்கே" என்றான். காசை ஒரு டப்பா மூடியில் போட்டு நீட்டினேன். பார்த்ததும் சிரித்தான். "வாஷர் வாங்கக் காசு இல்லண்ணே, காசே வாஷர் மாதிரி இருந்துச்சு." அந்தப் பையனை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டு நாள்ல திருப்பி வச்சிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அவன் போயிட்டான். அப்புறம் சொல்ல வாய் வரல."

மாசி மகம் முடிந்து, திருமேனியழகர் கடலாடித் திரும்பிய மறுநாள் காலை இருவரும் வண்டியில் போனோம். அவன் ஓட்டினான், நான் பின்னால். அந்தப் பையன் இப்போது வரிச்சிக்குடியில் சொந்த ஆட்டோ ஓட்டுகிறார், பேரன் எடுத்துவிட்டார். வழியில் பார்த்தால் எனக்கு வணக்கம் வைக்கிறவர்தான். இத்தனை வருஷமாக அந்த வணக்கத்தைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பிதான் சொன்னான். நான் இடையில் பேசவில்லை. அவர் காசில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆயிலிலேயே கிடந்ததால் புதுசு மாதிரி மின்னியது. கால் ரூபாய் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"காசு போனது எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க பையில கை விட்டுத் தடவினீங்களே, அது மட்டும் ஞாபகம் இருக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. காசை மூடியிலேயே திரும்பப் போட்டார். பிறகு எதிர்க்கடையைப் பார்த்து மூன்று டீ சொன்னார். குடித்து முடித்ததும் நான் சட்டைப் பையில் கை விட்டேன். "இருக்கட்டும் சார்" என்று அவரே கொடுத்துவிட்டு, சவாரி வந்துவிட்டது என்று கிளம்பினார்.