வால் இல்லாத வார்த்தைகள்

எங்கள் வீட்டுக்கு மருமகள் வந்தபோது அவளோடு இரண்டு பெட்டிகளும், ஒரு குடையும், சுமார் நூறு இங்கிலீஷ் வார்த்தைகளும் வந்தன. என்னிடமும் ஏறக்குறைய நூறு வார்த்தைகள் இருந்தன. கஷ்டம் என்னவென்றால், அவளுடைய நூறும் என்னுடைய நூறும் வேறு வேறு.

என் மகன் நூற்பாலைகளுக்கு இயந்திரம் பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். ஆறே மாதம் என்று சொல்லிவிட்டு வியட்நாமுக்குப் போனவன், மூன்று வருஷம் அங்கே தங்கி, 2022-ஆம் வருஷக் கடைசியில் மனைவியோடு கோயமுத்தூர் வந்து சேர்ந்தான். பெண்ணுக்கு ஊர் பென் த்ரே. மேக்கோங் ஆறு கடலில் கலக்கிற பக்கம். தென்னைக்குப் பேர்போன சீமை. "நம்ம பொள்ளாச்சி மாதிரிம்மா" என்றான் மகன். எனக்கு அது போதுமாயிருந்தது. தென்னந்தோப்புக்குள் வளர்ந்த பெண்ணுக்குத் தேங்காய் துருவவாவது தெரிந்திருக்கும் அல்லவா?

துருவத் தெரிந்திருந்தது. பேசத்தான் வழியில்லை. மகன் காலை எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வருவான். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும், எங்கள் இருநூறு வார்த்தைகளும்.

வந்த முதல் வாரம் ஒரு சாயங்காலம். நான் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடி அறையிலிருந்து இறங்கி வந்தவள், "நோ லை, அத்தை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'லை' என்றால் பொய் என்பது என்னுடைய நூறில் இருந்த வார்த்தை. "உன்னைப் பொய் சொல்லுகிறாய் என்று யார் அம்மிணி சொன்னது? நான் ஒன்றும் சொல்லவில்லையே!" என்று பதறினேன். அவளும் பதறிப்போய், "நோ லை! நோ லை!" என்று இன்னும் இரண்டு தடவை சத்தியம் செய்தாள். கடைசியில் என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டத்தைக் காட்டினாள். பல்பு போய்விட்டது. அவ்வளவுதான்.

"ஓ, லைட்டா!" என்றேன். "லைட்டு, அம்மிணி, லைட்டு!"

அவள் விழித்தாள். 'லைட்டு' என்ற வார்த்தையை அவள் ஜன்மத்தில் கேட்டதில்லை.

அன்று இரவு மகன் விளக்கம் சொன்னான். வியட்நாம் பாஷையில் வார்த்தைகள் எல்லாம் குட்டி குட்டி. கடைசியில் வரக்கூடிய மெய்யெழுத்துக்கள் சொற்பம். அவற்றிலும் 'ட்', 'ப்', 'க்' வந்தால் வாய்க்குள்ளேயே அடைத்துவிடுவார்கள், வெளியே விடமாட்டார்கள். 'ஸ்', 'ஃப்' எல்லாம் கடைசியில் வருவதே இல்லை. அதனால் லைட், லைக், லைஃப் எல்லாமே அவள் வாயில் 'லை'தான். நமக்கோ வல்லெழுத்தில் வார்த்தையை நிறுத்த நாக்கு வளைவதில்லை. ஓர் 'உ' சேர்த்தால்தான் நிம்மதி. பஸ்ஸு, லைட்டு, டிக்கெட்டு!

ஆக, இங்கிலீஷ்காரன் வார்த்தைக்கு நான் இல்லாத வாலை ஒட்டவைக்கிறேன். அவள் இருக்கிற வாலையும் நறுக்கிவிடுகிறாள். இரண்டு பேருமே வார்த்தையை முழுதாக விட்டுவைக்கவில்லை.

அவளுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது, ஒப்பணக்காரத் தெருவுக்குப் போன இடத்தில் ஒரு படப் புஸ்தகம் வாங்கி வந்தேன். முன்பாதி மிருகங்கள், பின்பாதி வண்டி வாகனங்கள். பிறக்கப் போகிற குழந்தைக்கு என்று வாங்கினது. படித்தவர்கள் நாங்கள். தினமும் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாமியாரும் மருமகளும் புஸ்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அவள் தன் பாஷையில் ஒரு பெயர் சொல்வாள். நான் தமிழில் சொல்வேன். பிறகு இருவரும் சேர்ந்து இங்கிலீஷில் தடுமாறுவோம்.

வேடிக்கையைக் கேளுங்கள். 'ஸீப்ரா' என்ற படத்துக்கு அவர்கள் சொல்லும் பெயருக்கு அர்த்தம் 'வரி போட்ட குதிரை'. நாம் சொல்வதும் வரிக்குதிரை! நாம் நீர்யானை என்கிறோமே, அதற்கு அவர்கள் 'ஆற்றுக் குதிரை' என்கிறார்கள். இங்கிலீஷ்ப் பெயருக்கும் பழைய கிரேக்க பாஷையில் அதுதான் அர்த்தமாம். திமிங்கலம் 'மீன் யானை'. கங்காரு 'பை வைத்த எலி'! அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருக்காமல், "பொண்ணுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார். நான் ஜாடையில் கேட்டேன். என் மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்து, மிகவும் கௌரவமாக, "ஐ அம் பஃபலோ" என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாமியார்க்காரி மருமகளை எருமை என்று திட்டித் திட்டி, அந்தப் பெண் அதையே தன் பெயர் என்று நினைத்துவிட்டது போலும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஊர் பூராவும் என் பெயர் கெடாமல் காப்பாற்ற மகன்தான் வர வேண்டியிருந்தது. சீனர்களைப் போல வியட்நாமியர்களுக்கும் பன்னிரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு பிராணிகள். ஆனால் சீனர்கள் மாடு வைத்த இடத்தில் இவர்கள் எருமையை வைத்திருக்கிறார்கள். முயல் இருந்த இடத்தில் பூனை. இவள் பிறந்த 1997 எருமை வருஷம். சேற்று வயலில் இறங்கி உழுது சோறு போடும் எருமை அவர்களுக்கு உழைப்புக்கும் பொறுமைக்கும் அடையாளம். அன்றிலிருந்து யாரையும் எருமை என்று வைவதை நான் விட்டுவிட்டேன்.

என் பிறந்த வீடு காங்கேயம் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தம்பியின் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். கட்டுத்தரையில் செவலைக் கன்று ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் பூத்துவிடும். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? பசு, காளை, எருது, கிடாரி, கன்று என்று எனக்கு ஐந்து வார்த்தைகள் இருந்தன. இங்கிலீஷில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு 'கவ்'. இங்கிலீஷ்காரனிடமும் ஐந்து உண்டு என்பது வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. அவன் வீட்டிலும் ஒரு காலத்தில் கட்டுத்தரை இருந்திருக்கிறது. மாட்டோடு வாழ்ந்தவனுக்குத்தான் மாட்டுக்கு அத்தனை பெயர் தேவைப்படும்.

பிறகுதான் புஸ்தகத்தின் பின்பாதிக்கு வேளை வந்தது.

தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். தாய் வீடு கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? ஏழாம் மாதம் கட்டுச்சோறு ஆக்கிப் போட்டோம். விருந்துக்கு வந்தவர்களெல்லாம் வளையல் அடுக்கி, வாழ்த்திவிட்டுப் போனார்கள். அன்று இரவு அவள் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்க எனக்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை. என் முதல் பிரசவத்துக்கு என் அம்மா செலவுச் சாமான் மூட்டையும், நாட்டுக் கோழியுமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது நினைவுக்கு வந்தது. "அம்மாவை வரச் சொல்லு, கண்ணு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, விஷயம் சாமான்யமானதல்ல. சம்பந்தியம்மாள் சைகோனுக்கு அப்பால் எங்கும் போனதில்லை. தனியாக வர வேண்டும். சிங்கப்பூரில் விமானம் மாற வேண்டும். இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது மாணவி சேர்ந்தார். இங்கே நாலு மணி என்றால் அங்கே ஐந்தரை. மாட்டுக்கும் கோழிக்கும் தீனி வைத்துவிட்டு, அந்த அம்மாள் கைப்பேசியின் முன் வந்து உட்காருவார்.

பிரயாண வார்த்தைகளிலும் எங்கள் இரண்டு பாஷைகளும் பங்காளிகளாகத்தான் இருந்தன. நாம் மிதிவண்டி என்பதை அவர்களும் மிதிவண்டி என்கிறார்கள். ரயிலுக்கு நாம் புகைவண்டி என்று பேர் வைத்தோம். அவர்கள் 'நெருப்பு வண்டி' என்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா? ஆனால் ஸ்டேஷன் என்று வரும்போது இருவரும் கடன்காரர்கள். நம் போத்தனூருக்கு 1862-ல் ரயில் கொண்டுவந்தவன் இங்கிலீஷ்காரன். நாம் ஸ்டேஷன் என்கிறோம். சைகோனிலிருந்து மைதோவுக்கு 1885-ல் ரயில் விட்டவன் பிரெஞ்சுக்காரன். அவர்கள் அவனுடைய வார்த்தையைச் சுருக்கி 'கா' என்கிறார்கள். பிராணிகளுக்குப் பெயர் வைத்தது நம் பாட்டிகள். பிரயாணத்துக்குப் பெயர் வைத்தது தண்டவாளம் போட்டவன்.

அந்தக் 'கா'வினால் எனக்கு வந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் எழுதியிருந்தேன்: ஸ்டேஷன் - கா. கோழி - கா. மீன் - கா. குரலைச் சமமாக வைத்தால் ஸ்டேஷன், தாழ்த்தினால் கோழி, அழுத்தி உயர்த்தினால் மீன். ஒரு நாள் சம்பந்தியம்மாளிடம் ஜம்பமாக அவர்கள் பாஷையிலேயே, "ஸ்டேஷனில் இறங்கினீர்களா?" என்று கேட்டேன். நான் கேட்டது கோழியில் இறங்கினீர்களா என்று ஆகிவிட்டதாம். அம்மாவும் பெண்ணும் அன்று முழுவதும் சிரித்தார்கள். கங்காருவுக்குச் சிரித்த கடன் தீர்ந்தது.

ஆனால் பாடம் ஏறவில்லை. டிக்கெட் என்றால் 'டிக்கே'. கேட் என்றால் 'கே'. எத்தனை தடவை சொன்னாலும் வால் வளரவில்லை. சிங்கப்பூரில் யாரிடம் போய் 'கே' என்று கேட்டால் யாருக்குப் புரியும்? எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "என்னைப் போலச் சொல்லச் சொல்லு அம்மிணி. கேட்டு! டிக்கெட்டு! பாஸ்போர்ட்டு!" என்றேன். ஆச்சரியம்! 'உ' ஒட்டியதும் அடைபட்டிருந்த 'ட்' வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. பதினைந்தே நாளில் பென் த்ரே தோப்பில் ஓர் அம்மாள் சுத்தக் கோயமுத்தூர் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று 'கோயமுத்தூருங்க' என்ற ஒரு வார்த்தையையும் நானே கற்றுக்கொடுத்தேன்.

அவர் புறப்பட்டது 2023 ஜூலையில். சிங்கப்பூரில் இறங்கியதும் பெண்ணுக்குத் தகவல் வந்தது. பிறகு, "கேட் மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு வரி. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை.

பீளமேட்டு விமான நிலையத்தில் நாங்கள் மூவரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிறைமாதத்துக்குச் சமீபத்தில் இருந்த பெண் உட்கார மாட்டேன் என்றாள். 'வரச் சொன்னவள் நான்தானே, படிக்காதவளைக் கண் காணாத தேசத்தில் தவிக்க விட்டேனே' என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கூட்டம் வடிந்தது. கடைசியாக, ஒரு சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு, குட்டையாக ஓர் உருவம் வந்தது. "மா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் என் மருமகள். அவர்கள் பக்கத்திலும் அம்மாவுக்கு 'மா'தான்.

நடந்தது இதுதான். கேட் மாறியதும் சம்பந்தியம்மாளுக்குத் திக்குத் தெரியவில்லை. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சீட்டைக் கையில் நீட்டிக்கொண்டு, எதிரே வந்தவர்களிடமெல்லாம், "கேட்டு? கேட்டு?" என்று கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்லியிருக்கிறாள். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சி மொழி அல்லவா! அவள் தமிழச்சி. 'எங்கேம்மா போகணும்?' என்றுதான் கேட்டிருப்பாள். இந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, "கோயமுத்தூருங்க!" என்றாராம். அந்தப் புண்ணியவதி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சரியான கேட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இலக்கணம் படித்தவர்கள் என் 'கேட்டு'வைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வால்தான் ஒரு தாயை மகளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

சம்பந்தியம்மாளைத் தண்டு மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அம்மனைப் பார்த்ததும் ஊதுவத்தியை இரு கையாலும் பிடித்துத் தலை வணங்கினார். சைகோனில் நம்மவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்களே. 'இந்த அம்மாளை எனக்குத் தெரியும்' என்று ஜாடை காட்டினார்.

ஆகஸ்டில் பேத்தி பிறந்தாள். அது பூனை வருஷம். மூன்று மாதம் இருந்து பத்தியம் வைத்துக் கொடுத்துவிட்டு, சம்பந்தியம்மாள் ஊர் திரும்பினார். நாலு மணிப் பாடம் மட்டும் நின்றபாடில்லை. இப்போது அது வெறும் பேச்சுக் கச்சேரி.

பேத்தி பேச ஆரம்பித்த புதிதில் ஒரு நாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "கா!" என்றாள். முதல் வார்த்தை! வேப்பமரத்தில் காக்காய் உட்கார்ந்திருந்தது. "பார்த்தாயா, தமிழ்தான் முதலில் வந்தது!" என்றேன். கைப்பேசிக்குள்ளிருந்து சம்பந்தியம்மாள், "இல்லை, இல்லை, கோழி!" என்றார். அடுப்பங்கரையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "மத்தியானம் மீன் குழம்புங்க அத்தை, அதைக் கேட்கிறாள்" என்றாள்.

அவள் சொன்னது காக்காயா, கோழியா, மீனா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. வார்த்தைக்கு வால் இல்லாமல் போனால் இப்படித்தான். ஆளுக்கொரு வாலை ஒட்டவைத்துக்கொள்கிறோம்.