ஈரத்தின் பதம்

மைசூரு விஜயநகரிலிருந்து ஹுன்சூருக்கு ஏறக்குறைய 40 கி.மீ. பயணி தன் சுருட்டுப் பெட்டிக்குள் காப்பாற்றப் பார்க்கும் ஈரம், இந்தச் சாலை நெடுகிலும் ஒருவருக்கு வருமானம், இன்னொருவருக்கு நோய்.

மைசூருவின் வடமேற்கு ஓரத்தில் உள்ள விஜயநகர் அவசரம் தெரியாத பகுதி. முதல் ஸ்டேஜில் தொடங்கி நான்காம் ஸ்டேஜ் வரை நேர்கோட்டில் ஓடும் தெருக்கள், வாசலில் செடி வைத்த வீடுகள். புத்தாண்டு தினத்தில் மட்டும் இந்த அமைதி கலையும். அன்று யோக நரசிம்ம சுவாமி கோயிலில் லட்சக்கணக்கில் லட்டு விநியோகம் நடக்கும். வரிசை தெருக்களைச் சுற்றி வளையும். மற்ற நாட்களில் பரபரப்பெல்லாம் பகுதியின் விளிம்பில், ஹின்கல் அருகே செல்லும் ஹுன்சூர் சாலையில்தான். குடகுக்குப் போகும் சுற்றுலா கார்கள், ஹூட்டகள்ளி தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள். ஏல சீசன் வந்துவிட்டால் இவற்றோடு சணல் சாக்குப் பொதிகள் அடுக்கிய லாரிகளும் சேர்ந்துகொள்ளும்.

பொதிகளில் இருப்பது புகையிலை. கன்னடத்தில் அதற்கு ‘ஹொகெசொப்பு’ என்று பெயர். ஹொகெ என்றால் புகை, சொப்பு என்றால் இலை. தமிழில் என்ன சொல்கிறோமோ அதே பொருள்தான்.

இந்தச் சாலையில் மடிக்கேரிக்குப் புறப்படும் பயணி ஒருவரின் பையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கக்கூடும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், உள்ளே மேலும் கீழும் நுரைப் பஞ்சு, நடுவே ஐந்து அல்லது பத்து சுருட்டுகள், மூடியின் உட்புறத்தில் ஈரம் தரும் சிறிய வட்டு. ‘ஹ்யுமிடார்’ என்று விற்கிறார்கள். வீட்டில் வைக்கும் பெரிய ஹ்யுமிடார் செடார் பலகை இழைத்த மரப்பெட்டி. பயணத்துக்கு இந்தச் சின்னப் பெட்டி. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிறுத்தி வைக்க வேண்டும். குறைந்தால் மேலுறை இலை வெடிக்கும், புகை காரமாகச் சுடும். கூடினால் சுருட்டு உப்பும், பூஞ்சணம் பூக்கும். வெப்பமும் சேர்ந்து கூடிவிட்டால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டில் குண்டூசித் துளைகள் விழும்.

ஈரப்பதம் என்ற சொல்லிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. ஈரம் இருந்தால் போதாது. பதமாக இருக்க வேண்டும். பாகுக்கும் சோற்றுக்கும் உள்ள அதே பதம்.

சிறிய பெட்டியில் இந்தப் பதத்தைக் காப்பது பெரிய பெட்டியை விடக் கஷ்டம். காரணம் எளிய கணக்கு. ஒரு லிட்டர் காற்றில், 25 டிகிரி செல்சியஸில், அதிகபட்சம் 23 மில்லிகிராம் நீராவிதான் தங்கும். 70 சதவீதம் என்றால் 16 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீரில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது, வட்டில் நாலு சொட்டு அதிகமாக ஊற்றினாலே பெட்டி சேறாகிவிடும். பயணத்துக்குப் புதியவர்கள் செய்யும் முதல் தவறும் இதுதான். வட்டை நனைத்துவிட்டு, தண்ணீர் சொட்டாதபடி துடைத்த பிறகே பொருத்த வேண்டும். தண்ணீரும் காய்ச்சி வடித்ததாக இருப்பது நல்லது. குழாய்த் தண்ணீரிலுள்ள உப்புகள் வட்டின் நுண்துளைகளை நாளடைவில் அடைத்துவிடும். தண்ணீர் தேங்கிய வட்டில் பூஞ்சணமும் பிடிக்கும்.

உண்மையில் பெட்டியைக் காப்பது வட்டு அல்ல, சுருட்டுகளேதான். பதமான நிலையில் நடுத்தரச் சுருட்டு ஒன்று தன்னுள் ஒரு கிராமுக்கு மேல் தண்ணீரை வைத்திருக்கும். பெட்டிக் காற்றில் உள்ளதைப் போல இது எத்தனையோ மடங்கு. எனவே நிறைந்த பெட்டி நிதானமாக இருக்கும். ஒரே ஒரு சுருட்டு கிடக்கும் பெட்டி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தடுமாறும். காலி இடத்தை நிரப்புவதும், தேவையில்லாமல் திறக்காமல் இருப்பதும் பாதி வேலையை முடித்துவிடும்.

மீதிப் பாதி வெயிலைச் சமாளிப்பது. 20 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, நீராவி எதுவும் சேர்க்காமல் 35 டிகிரிக்குச் சூடேற்றினால் அது 30 சதவீதமாகச் சுருங்கிவிடும். காய்ந்த காற்று இலையிலிருந்து ஈரத்தைப் பிடுங்கும். மாலையில் பெட்டி குளிரும்போது, வெளியே வந்த அந்த ஈரம் மூடியில் முத்து முத்தாகக் கோத்து, சுருட்டின் மேலேயே விழும். பூஞ்சணம் தொடங்குவது அந்த ஈரக் கறையில்தான். காரின் டாஷ்போர்டில் பெட்டியை வைப்பவருக்கு ஒரே பகலில் இரண்டு பருவமும் கிடைத்துவிடுகிறது. சீட்டுக்கு அடியில், துணிகளுக்கு நடுவே வைப்பதே சரி.

பெட்டியிலுள்ள சின்ன ஈரமானியை அப்படியே நம்பவும் கூடாது. அதைச் சோதிக்க அடுக்களை உப்பு போதும். ஒரு மூடியில் ஒரு ஸ்பூன் உப்பை எடுத்து, கரையாத அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு நாள் வைத்தால், முள் 75-ஐக் காட்ட வேண்டும். நிறைவுற்ற உப்புக் கரைசலுக்கு மேலே உள்ள காற்று எப்போதும் அந்த அளவில்தான் நிற்கும். முள் 70 என்று சொன்னால், அது 5 குறைவாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். இப்போது கடைகளில் கிடைக்கும் ஈரப்பத உறைகளும் இதே தத்துவத்தில் வேலை செய்பவைதான். கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும்.

விஜயநகரில் இதெல்லாம் பெரிய சிரமமில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் உள்ள நகரத்தின் மிதமான காற்று சுருட்டுக்கு ஓரளவு நண்பன். மார்ச், ஏப்ரல் மதியங்களில் மட்டும் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் ஜூலையில் இதே சாலையில் மேற்கே குடகை நோக்கி ஏறினால் மழைக்காற்று நனைந்த துணிபோல இருக்கும். 120 கி.மீ.க்குள் ஒரே பெட்டி இரண்டு நேரெதிர் அபாயங்களைச் சந்திக்கிறது.

சூளையின் பாடம்

ஹின்கல், ஹூட்டகள்ளி, இலவாலா, பிளிகெரெ என்று ஊர்கள் கழிந்து ஹுன்சூர் நெருங்கும்போது வயல்களுக்கு நடுவே உயரமான, ஜன்னல் இல்லாத சதுரக் கட்டடங்கள் தென்படுகின்றன. பக்கத்தில் விறகுக் குவியல். இவை புகையிலைச் சூளைகள். ஹுன்சூர், பெரியபட்டணா, எச்.டி. கோட்டை, கே.ஆர். நகர் தாலுகாக்கள் கர்நாடகத்தின் வெர்ஜீனியா புகையிலைப் பகுதி. இங்கு விளைவது சிகரெட் புகையிலை. சுருட்டுக்கான இலை வேறு வகை. ஆனால் இலையின் ஈரத்தை ஆளும் விதி இரண்டுக்கும் பொது. பெட்டிக்காரர் 16 மில்லிகிராமில் பார்க்கும் வேலையை இங்கே விவசாயி டன் கணக்கில் பார்க்கிறார்.

கோடை மழையில் நட்டு, ஜூலையிலிருந்து பறிக்கப்படும் பச்சை இலைகள் குச்சிகளில் கோத்துச் சூளைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிடப்படுகின்றன. முதலில் இளஞ்சூடும் நிறைந்த ஈரமும் கொடுத்து இலையை மஞ்சளாக்க வேண்டும். அப்போது ஈரம் முந்திக்கொண்டு போய்விட்டால் இலை பச்சையாகவே காய்ந்துவிடும், தங்கிவிட்டால் கறுத்துவிடும். பிறகு காற்றுவழிகளைத் திறந்து, சூட்டைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் 70 டிகிரி வரை ஏற்றி நடுநரம்பையும் காயவைக்க வேண்டும். இதற்கு ஐந்தாறு நாட்கள் ஆகும். இரவிலும் அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும். ஒரு கிலோ பதப்படுத்திய இலைக்கு நான்கைந்து கிலோ விறகு எரிகிறது. நாகரஹொளே காட்டை ஒட்டிய பகுதிக்கு இது சின்னக் கணக்கல்ல.

சூளையிலிருந்து வரும் இலை அப்பளம்போல இருக்கும்; தொட்டால் நொறுங்கும். இந்த இடத்தில்தான் பெட்டியின் தத்துவம் வருகிறது. கதவையும் காற்றுவழிகளையும் திறந்துவிட்டு இரவுக் காற்றை உள்ளே விடுகிறார்கள். பனி ஈரத்தைக் குடித்து இலை விடியற்காலையில் துவளத் தொடங்கும். கையில் பிடித்தால் இலைப்பரப்பு வளைய வேண்டும், நடுநரம்பு மட்டும் ஒடிய வேண்டும். அதுதான் பதம். உடனே இறக்கி அம்பாரம் போட்டு, அவ்வப்போது புரட்டி, தரம் பிரித்துப் பொதி கட்டுகிறார்கள். நரம்பும் துவண்டுவிட்ட இலையை அம்பாரம் போட்டால் உள்ளுக்குள் சூடேறிப் பழுப்பாகும், பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மாத உழைப்பு மூன்று நாளில் வீணாகும்.

புகையிலை வாரியம் 1976-ல் அமைந்தது. 1984-ல் கர்நாடகத்தில் ஏலமுறை வந்தது. பதிவு செய்த விவசாயிகள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கே பயிரிடலாம். விற்பனை ஏலத் தளங்களில். கட்டெமளலவாடி, கம்பளாபுரா போன்ற ஊர்ப் பெயர்கள் வெளியுலகுக்குத் தெரிவதே இந்தத் தளங்களால்தான். ஏலம் மின்னணு முறைக்கு மாறிவிட்டாலும், வாங்குபவர் பொதிக்குள் கைவிட்டு இலையைப் பிசைந்து பார்ப்பது மாறவில்லை. ஈரம் கூடிய பொதியை யாரும் கேட்காவிட்டால் அது திரும்ப வண்டியேற வேண்டியதுதான். காய்ந்து நொறுங்கும் பொதிக்கும் நல்ல விலை கிடையாது. எடை கூடட்டும் என்று கொஞ்சம் ஈரத்தை விட்டுவைக்கும் ஆசையும், அதனால் மொத்தமும் போய்விடுமோ என்ற பயமும் ஒரே பொதிக்குள்தான் இருக்கின்றன.

உறையூரின் நினைவு

தமிழ் வாசகருக்கு இந்தத் தொழில் அந்நியமல்ல. ‘செரூட்’ என்று ஆங்கிலத்துக்குப் போன சொல்லே நம் ‘சுருட்டு’தான். திருச்சி உறையூர்ச் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன்வரை பெயர் பெற்றது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறியும் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். சர்ச்சில் விரும்பிப் புகைத்தார் என்று உறையூரில் இன்றும் பெருமை பேசப்படுகிறது. இந்தச் சுருட்டுக்கான இலை திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்தது. வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கும் இலையை நனைத்து, புளிக்கவைத்து, சுருட்டும் அளவுக்குத் துவள வைப்பதில்தான் கைத்திறன் இருந்தது. சுற்றுபவரின் விரலே ஈரமானி.

பனியில் கரையும் விஷம்

ஹுன்சூர் வயலில் ஈரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பெட்டிக்காரரும் பார்ப்பதில்லை, பொதியைப் பிசைபவரும் பார்ப்பதில்லை. இலை பறிப்பது மழைக்காலத்தில், பெரும்பாலும் காலையில். இலைமேல் பனியும் மழைநீரும் நிற்கும். நிகோடின் தண்ணீரில் கரையும். நனைந்த இலைகளை ஒடித்துக் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு நடப்பவரின் ரவிக்கையும் சட்டையும் அந்தத் தண்ணீரில் ஊற, நிகோடின் தோல் வழியே உடம்புக்குள் போகிறது. தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, தலைவலி. மருத்துவத்தில் இதற்குப் ‘பச்சைப் புகையிலை நோய்’ என்று பெயர். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத பெண்ணும், வேலைக்கு வந்த சிறுவனும் இதற்கு விலக்கல்ல. புகைத்துப் பழகியவரைவிடப் பழகாத உடம்புதான் அதிகம் தவிக்கிறது.

தடுப்பு முறை சிக்கலானதல்ல. தண்ணீர் புகாத மேலங்கி, கையுறை, பனி உலர்ந்த பிறகு பறிப்பது, நனைந்த உடையை உடனே மாற்றிக் குளிப்பது. ஆனால் மழை விடாத ஆகஸ்டில் இலை காத்திருக்காது. முற்றினால் தரம் போகும். பிளாஸ்டிக் மேலங்கிக்குள் வியர்த்துக்கொண்டு நாள் முழுவதும் குனிந்து வேலை செய்யவும் முடியாது.

புகைப்பவருக்கு என்ன நேரும் என்பதில் ரகசியம் எதுவுமில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பாக்கெட்டின் முகப்பில் 85 சதவீதத்தை எச்சரிக்கை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆனது. அந்த எச்சரிக்கை வாங்குபவருக்கு. இலையை ஒடிப்பவரின் கையில் பாக்கெட் இல்லை.

மாலையில் ஹுன்சூர் சாலை மீண்டும் விஜயநகரை நோக்கி வளைகிறது. ஹின்கல் சந்திப்பில் பொதி லாரிகள் வரிசையாக நிற்கின்றன. தூறல் விழுந்தால் போதும், ஓட்டுநர் இறங்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார். அடுத்த காரின் பின்சீட்டில், பையின் அடியில், ஒரு கறுப்புப் பெட்டியின் முள் 70-ல் அசையாமல் நிற்கிறது. இலை நனையாமல் ஊர் வந்து சேர்ந்துவிடும். பறித்தவர்கள்தான் காலையிலேயே நனைந்துவிட்டார்கள்.