பொறு என்று சொன்னேன்

2020 இறுதியில், சுங்கை சோவில் என்னிடம் பயின்ற முன்னாள் மாணவன் ஒருவன், அசைவூட்டப் படிப்புக்காக வரைகலை அட்டை, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு, வாங்கப் பணம் சேர்த்திருந்தான். "புதியது வரப்போகிறது, விலை இறங்கும், பொறு" என்றேன். இணைய ஊகங்களைப் படித்த துணிச்சல்!

2021 பிப்ரவரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது. அறிவித்த விலை 329 அமெரிக்க டாலர். அவ்விலைக்கு அட்டை கிட்டவில்லை. சில்லுப் பற்றாக்குறை ஒருபுறம், எத்திரியம் மின்னாணயம் தோண்டுவோர் மறுபுறம். கல்லூரிக் கணினிக்கூடமோ நடமாட்டக் கட்டுப்பாட்டால் பூட்டிக் கிடந்தது. எத்திரியம் அத்தோண்டும் முறையைக் கைவிட்டது 2022 செப்டம்பரில். அதற்குள் அவன் பழைய மடிக்கணினியிலேயே படிப்பை முடித்துவிட்டான்.

அண்மையில் தன் தம்பிக்காகக் கேட்டான்: "ஐயா, இப்போதே வாங்கலாமா, அடுத்தது வரட்டுமா?" லோயாட் பிளாசாவில் அன்றைய விலையை விசாரித்து, அதை மட்டும் சொன்னேன்.