கடைசிப் பலகை

பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். நகரம் என்றால் எங்களுக்குச் சுங்கைப்பட்டாணிதான். ஆயினும் பகல் வெளிச்சத்தில் அந்நகரம் எப்படியிருக்கும் என்பதைப் பல ஆண்டுகள் நான் அறிந்ததேயில்லை. நாங்கள் அதைக் கண்டதெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான்.

இதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே அப்பாவும் அம்மாவும் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்குப் போய்விடுவர். மரம் சீவி, பால் எடுத்து, நிறுவை முடித்து வீடு திரும்பும்போது பிற்பகலாகிவிடும். சம்பள நாளன்று அலுவலக வாசலில் மாலை வரை வரிசையில் நிற்க வேண்டும். அதன்பின் குளித்து உடைமாற்றிப் பேருந்து ஏறினால் நகரைச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். தோட்ட மக்கள் வருவார்கள் என்று தெரிந்தே கடைக்காரர்கள் இரவு ஒன்பது, பத்து மணி வரை கடையைத் திறந்து வைத்திருப்பார்கள். கெடாவில் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆதலால் வியாழன் இரவென்றால் எங்களையும் உடன் அழைத்துச் செல்வார்கள்.

ஐந்தடியில் நடப்பதே ஓர் இன்பம். மல்லிகைச் சரம், பலகாரக் கடையின் எண்ணெய் வாசம், வானொலிப் பாட்டு, சீனர் கடையில் கருவாட்டு மணம் எல்லாம் ஒருங்கே வந்து மோதும். நகரின் நடுவே மணிக்கூண்டு நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக, லிம் லியான் தெங் என்ற செல்வந்தர் 1936இல் அளித்தது அது. எங்களுக்கோ அது கடைசிப் பேருந்தை நினைவூட்டும் எச்சரிக்கை.

1982ஆம் ஆண்டுத் தீபாவளியை என்னால் மறக்க இயலாது. அவ்வாண்டு ஜனவரி முதல் நாள்தான், சபா, சரவாக்குடன் ஒத்திருக்க வேண்டுமென்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி முன்னே தள்ளி வைத்தார்கள். 'மணி ஏழாகிறது, இன்னும் வெளிச்சம் போகவில்லையே!' என்று அப்பா ஆண்டு முழுவதும் வியந்துகொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மழை விடாது பெய்தது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. அந்த மாதச் சம்பள உறை மிக மெலிந்திருந்தது. இருப்பினும் தங்கைக்குப் பாவாடைத் துணி, எனக்குச் சட்டை, அம்மாவுக்கு ஒரு சேலை என்று கணக்கிட்டு நகருக்குச் சென்றோம்.

வழக்கமாக வாங்கும் துணிக்கடைக்கு எதிரே போய்ச் சேர்ந்தபின் அப்பா உள்ளே நுழையவில்லை. தூணோரம் நின்றுவிட்டார். கடைக்குள் எங்கள் தோட்டத்தார் பலர் இருந்தனர். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "பொறு அய்யா, கூட்டம் குறையட்டும்" என்றார். தங்கை அம்மாவின் தோளில் உறங்கிவிட்டாள். கடைசிப் பேருந்தும் போய்விட்டது. எனக்குக் கோபமாக வந்தது.

கடைப்பையன் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டத் தொடங்கினான். இக்காலத்து இரும்புச் சுருள்கதவு அன்று அங்கில்லை. எண் எழுதிய நெடும்பலகைகள்தாம். ஒரே ஒரு பலகை எஞ்சியிருந்தபோது முதலாளி வெளியே எட்டிப் பார்த்தார். அப்பாவைக் கண்டதும் பையனிடம், "அதை வை, அப்புறம் மாட்டலாம்" என்றார். எங்களை நோக்கி, "என்ன தம்பி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறாய்? உள்ளே வா" என்றார்.

அந்த ஒற்றைப் பலகை இடைவெளியில் ஒவ்வொருவராக நுழைந்தோம். நான் கேட்டது நீலக் கோடு போட்ட சட்டை. அப்பா எடுத்தது வெள்ளைச் சட்டை. "தீபாவளிக்கும் ஆச்சு, பள்ளிக்கும் ஆச்சு" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா, "எனக்குப் போன வருஷத்துச் சேலை புதுசாகத்தானே இருக்கிறது" என்று கூறி விலகி நின்றாள்.

பணம் எண்ணியபோது பன்னிரண்டு வெள்ளி குறைந்தது. அப்பா தலை கவிழ்ந்து ஏதோ மெல்லச் சொன்னார். முதலாளி பதில் பேசாமல், மேலட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு கடன் புத்தகத்தை எடுத்து எழுதி அப்பாவிடம் கொடுத்தார். நகருக்கு மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் எங்களை ஏற்றிவிட்டதும் அவரே. சட்டைப் பொட்டலம் மீன் வாடையுடன் வீடு சேர்ந்தது.

அவ்வளவு நேரம் ஏன் நின்றோம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் விளங்கவில்லை. அடுத்த வீட்டார் பார்க்கக் கடன் கேட்க அவரால் முடியவில்லை. கடைகள் ஆறு மணிக்கே அடைபட்டிருந்தால் அவர் கேட்டேயிருக்க மாட்டார்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கடைகள் இரவு எட்டு மணிக்கே அடைக்கப்பட்டன. மருந்து வாங்கிக்கொண்டு அத்தெரு வழியே திரும்பினேன். துணிக்கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடையொன்று பூட்டிக் கிடந்தது.

அப்பா காலமான பின் அவருடைய தகரப் பெட்டியில் அந்த 555 புத்தகம் இருந்தது. பன்னிரண்டு வெள்ளிக்கு நேரே, நான்கு நான்காக மூன்று சம்பளங்களில் கட்டியதற்கான குறிப்புகள். அவற்றின் மேல் முதலாளி நீல மையால் ஒரு கோடு இழுத்திருந்தார்.