இளவரசி எங்கே உடுப்பு மாற்றினாள்?

யாழ்ப்பாண வைபவமாலையில் மயில்வாகனப் புலவர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவல்லி கீரிமலையில் தீர்த்தமாடினாள், முகம் மாறியது, மாவிட்டபுரத்தில் கோயில் எழுந்தது என்ற கதையெல்லாம் இருக்கிறது. குளித்துக் கரையேறியவள் ஈர உடுப்பை எங்கே மாற்றினாள் என்ற சேதி மட்டும் இல்லை. அரசகுமாரிக்குத் திரை பிடிக்கத் தோழியர் இருந்திருப்பார்கள். அதே தீர்த்தத்தில் கீரிமுகம் நீங்கிய நகுல முனிவருக்கு அந்தக் கவலையே இருந்திராது. முனிவர், அதிலும் ஆண்.

எங்கட அம்மம்மாவுக்குத் தோழியர் இல்லை. குறுக்குக்கட்டுத்தான் இருந்தது. கீரிமலைக் கேணிப் படியில் நின்றபடியே, ஈரத்துக்கு மேலால் காய்ந்த சேலையைச் சுற்றி, தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே இருந்த ஈரத்தை நழுவ விடுவா. அது காலடியில் விழும்போது மற்றது இடுப்பில் ஏறியிருக்கும். ஒரு விரற்கடை தோல் தெரியாது. இவ்வளவுக்கும் வாய் ஓயாது. "கவனம், பாசி!" என்று எங்களை ஏசுவா. பல்லில் சேலை இருப்பதால் "ஆசி" என்றுதான் கேட்கும். ஆசி வாங்கிக்கொண்டே நாங்கள் வழுக்குவோம்.

முழங்கால் பிடித்த பிறகு அம்மம்மா கீரிமலைக்கு வருவதை விட்டுவிட்டா. "அங்க ஆர் என்னைப் பிடிச்சு நிப்பாட்டுறது?" என்பா. அந்த வித்தைக்கு இரண்டு நல்ல கால்கள் வேணும். இப்போது அங்கே உடுப்பு மாற்ற நவீன அறை கட்டப்போகிறார்கள் என்றதும், பழைய கேணிக்குப் பக்கத்தில் அறை எதற்கு, எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில் அறையிலா மாற்றினவை என்று கேட்பவர்கள் அநேகமாக ஆண்கள். தலைவழியே ஒரு சாரத்தைப் போட்டால் அவர்கள் அலுவல் முடிந்தது. ஆண்கள் கேணியில் நீந்துகிறவருக்குக் கடல் பக்கத்திலேயே தெரியும். பெண்கள் கேணியைச் சுற்றி மதில். மறைப்புக்கு விலையாகக் கடலைக் கொடுத்திருக்கிறோம்.

புது அறை பழைய இடத்தைக் கெடுத்துவிடும் என்பதும் முழு உண்மையில்லை. எங்கட சனம் நிறையக் குடியிருக்கும் லண்டன் ரூட்டிங்கில் 1906இல் திறந்த நீச்சல் குளம் ஒன்று உண்டு. அதன் கரை நெடுக உடுப்பு மாற்றும் சிற்றறைகள். பல நிறங்களில் கதவுகள். படம் எடுக்கிறவர்கள் தண்ணீரைவிட அந்தக் கதவுகளைத்தான் எடுக்கிறார்கள்.

கீரிமலையில் என் பயம் வேறு. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, வெடிப்புகள் வழியே நிலத்தடியில் ஓடி, உப்புக்கடலுக்கு ஒரு சுவர் இப்பால் நன்னீராக வெளிவருகிறது. அந்தக் கல் எதையும் வடிகட்டித் தராது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்குத் தோட்டத்து உரத்தோடு மலசலகூடக் குழிகளும் காரணம். நவீன வசதி என்றால் அறையோடு கழிவறையும் ஷவரும் கட்டாயம் வரும்.

ஆகவே கட்டப்போகிறவர்களுக்கு: கட்டுங்கோ, பெண்களுக்கு முதலில் கட்டுங்கோ. இருக்க ஒரு வாங்கு, பிடிக்க ஒரு கைபிடி, சேலை கொழுவ நாலு ஆணி வையுங்கோ. குழியை மட்டும் ஊற்றுக்குக் கிட்ட வெட்டாதேயுங்கோ.