அடித்தது அம்மா

திருவண்ணாமலையில் தமிழாசிரியராக இருந்தபோது ஒரு மாணவிக்கு அநியாயம் செய்தேன். அவளிடம் சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறேன்.

பாடத்தில் இல்லாத ஒரு கதையால் வந்தது அது, ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. 1966-இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிப்போய்த் தன் இச்சைக்கு ஆளாக்குகிறான். அவள் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அடிக்கிறாள். பிறகு அவளே மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள்.

வகுப்பில் வாசித்துக் காட்டிவிட்டு, 'ஆசிரியர் உணர்த்தும் நீதி யாது?' என்று தேர்வில் கேட்டேன். அறியாதவர் வண்டியில் பெண்கள் ஏறக் கூடாது என்பது நான் எழுதிப்போட்ட விடை. எல்லாரும் அதையே எழுதியிருந்தார்கள். வேட்டவலம் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் மட்டும், "அடிப்பது அம்மா. கதை சொல்பவர் அவளை அடிக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து, ஐந்துக்கு ஒன்று போட்டேன். ஓரத்தில் 'கேள்வி புரியவில்லை' என்றும் எழுதினேன்.

புரியாமல் செய்ததல்ல. அவள் எழுதியது சரி என்று அப்போதே தெரிந்தது. மழையிலும் காருக்குள்ளும் கதை அந்தக் கல்லூரிப் பெண்ணை விட்டு நகராமல் அவள் திகைப்பையும் பயத்தையும் காட்டுகிறது. 'பொன்னகரம்' என்ற கதையின் முடிவில் புதுமைப்பித்தன் வாசகரை நேரடியாகவே கேட்டுவிடுகிறார். ஜெயகாந்தன் அப்படிக் கேட்கவில்லை. அடித்த கை தண்ணீர் மொள்ளுவதை எழுதினார், அவர் மனம் அங்கே இருக்கிறது. இதை மாணவிகளிடம் சொன்னால் பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்று பயந்தேன். என் பயத்தை ஜெயகாந்தனின் நீதி என்று சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொன்றையும் மறைத்தேன். அதே கதையை அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக வளர்த்தபோது அந்தக் கல்லூரிப் பெண்ணையே, கங்கா என்ற பெயரில், பேசவிட்டார். அங்கே விஷயம் ஊருக்குத் தெரிந்து, அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். சொல்பவர் மாறினால் கதை என்ன ஆகிறது என்று இரண்டையும் வைத்துப் பேசியிருந்தால், அந்த மாணவியே எங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பாள்.

அவள் மதிப்பெண்ணை நான் திருத்தவே இல்லை. தமிழாசிரியர்களே, கதையில் நீதி கேட்பதை விடுங்கள். யார் கண்வழியே பார்க்கிறோம், எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று கேளுங்கள். பிள்ளைகள் எழுதியதை முழுதாகப் படித்த பிறகு சிவப்புப் பேனாவைத் திறங்கள்.