பாதியில் நின்ற படம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள். விடாமல் பெய்த மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. ஒரு மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த சித்தப்பாவின் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அவரோடு தங்கியிருந்த பாட்டி உயிர் தப்பினார். ஆனால், அவர் பாதுகாத்து வைத்திருந்த புகைப்படத் தொகுப்புகள் நீரில் ஊறிப் போயின.

தாத்தா இரயில்வே ஊழியர். பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பின் முன் பாட்டியோடு அவர் நின்ற திருமணப் படமும் அவற்றுள் ஒன்று. நானும் அப்பாவும் படங்களைப் பக்குவமாகப் பிரித்து, உலர்த்தி, வருடி மூலம் மடிக்கணினியில் சேர்த்தோம். நாளடைவில் அசல் படங்கள் பலவற்றின் நிறம் உரிந்து போனது. எங்களிடம் மிஞ்சியது அந்தப் பழைய மடிக்கணினியில் இருந்த ஒரே பிரதிதான்.

அதனால், கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறைக் கணினிக்கு, அருகலை வழியாகக் காப்பு நகல் எடுக்க முனைந்தேன். படங்களும் பழைய காணொலிகளும் சேர்ந்து ஏறக்குறைய 60 கிகாபைட் இருந்தன. தொடங்கிய சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்தது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அறுந்தது. நகலாகி வந்த திருமணப் படத்தைத் திறந்தேன். தாத்தா பாட்டியின் முகங்கள் தெரிந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

“தாத்தா படம் பத்திரமாக இருக்கிறதா, ஐயா?” என்று பாட்டி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இணையச் சேவையில்தான் கோளாறு என்று முதலில் எண்ணினேன். வெளியிலிருந்து வரும் இணைய வடத்தைத் திசைவியிலிருந்து கழற்றிவிட்டு நகலெடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குள் இரு கணினிகள் பேசிக்கொள்ள வெளி இணையம் தேவையில்லை. அப்போதும் இணைப்பு அறுந்தது. ஆகவே, கோளாறு வீட்டுக்குள்தான் இருந்தது!

“ஊகிக்காதே, குறித்து வை,” என்றார் அப்பா. இணைப்பு அறுந்த நேரத்தையும் அப்போது வீட்டில் நடந்ததையும் ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதினேன். இரண்டு செய்திகள் புலப்பட்டன. அம்மா நுண்ணலை அடுப்பில் உணவைச் சூடாக்கியபோதெல்லாம் இணைப்பு தடுமாறியது. நான் கணினியைத் தொடாமல் விட்ட நாள்களில் சரியாக முப்பதாவது நிமிடத்தில் நின்றது.

முதல் காரணம் எளிதில் விளங்கியது. நுண்ணலை அடுப்பும் எங்கள் அருகலையும் ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. அடுப்பிலிருந்து கசியும் சிறிதளவு அலையே அருகலையைக் குழப்பப் போதும். மடிக்கணினியை வடத்தின் மூலம் திசைவியோடு இணைத்ததும் அந்தத் தொல்லை நீங்கியது. ஆயினும், முப்பதாவது நிமிடத்தில் நகலெடுப்பு நின்றது. மடிக்கணினியின் அமைப்புகளைப் பார்த்தேன். அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் உறங்கிவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்தது! அதை மாற்றினேன். அன்றிரவு எல்லாக் கோப்புகளும் தடையின்றி நகலாயின. ஒவ்வொன்றையும் திறந்து, முழுமையாக இருப்பதை உறுதிசெய்தேன்.

மகிழ்ச்சியோடு பாட்டியிடம் காட்டினேன். அவர் திரையில் தாத்தாவின் முகத்தை மெல்லத் தடவினார். பிறகு, “இந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தால்?” என்று கேட்டார்.

நான் திகைத்தேன். இரண்டு பிரதிகளும் ஒரே கூரையின் கீழ்த்தானே இருந்தன! மறுநாளே ஒரு வன்தட்டில் மூன்றாம் பிரதியை எடுத்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் வசிக்கும் அத்தையிடம் அதை ஒப்படைத்தோம். தாத்தா வாழ்ந்த ஊருக்கே அவர் படம் திரும்பிச் சென்றதில் பாட்டிக்குத் தனி மகிழ்ச்சி.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அந்த அணையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமை என்பதை அந்தப் பாதிப் படம் எனக்குக் கற்பித்தது.